விமானிகள் ஸ்டிரைக் செய்தால் பயணிக்கு இழப்பீடு கிடையாதா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு ஓர் ஐரோப்பிய விமான நிறுவனத்தில் நான்கு டிக்கெட். தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பம். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, விமானிகள் வேலைநிறுத்தத்தால் விமானம் ரத்து என்று மெசேஜ் வருகிறது. டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஐந்து நாள் கழித்து எங்கள் விமானத்திலேயே இடம் தருகிறோம் என்கிறார்கள். இழப்பீடு பற்றிக் கேட்டால், ‘வேலைநிறுத்தம் அசாதாரணச் சூழ்நிலை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று ஒரு கடிதம். இது சட்டப்படி சரியா?

சரியில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் இடம் என்பதும் சரியில்லை, இழப்பீடு கிடையாது என்பதும் சரியில்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான சட்டம் ஒழுங்குவிதி 261/2004. 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானம் ரத்தானால் அது பயணிக்கு மூன்று தனித்தனி உரிமைகளைத் தருகிறது. ஊருக்குப் போய்ச்சேர வேறு வழி அல்லது டிக்கெட் பணம், இது முதலாவது. காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு, தங்குமிடம், இது இரண்டாவது. ரொக்க இழப்பீடு மூன்றாவது. ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்ற விதிவிலக்கு இந்த மூன்றாவதற்கு மட்டுமே உண்டு. எரிமலையே வெடித்தாலும் முதல் இரண்டிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது. விமான நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதப்பட்டிருக்கும். ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று பயணி நினைத்துவிடுகிறார்.

எரிமலை என்று சும்மா சொல்லவில்லை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியே மூடப்பட்டபோது, ரயன்ஏர் விமானத்தில் போக வேண்டிய ஒரு பயணி போர்ச்சுகலின் ஃபாரோவில் மாட்டிக்கொண்டார். சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து என்று அவர் செலவழித்தது ஏறத்தாழ 1,130 யூரோ. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் சொன்னது: கவனித்துக்கொள்ளும் கடமைக்கு நாள் கணக்கிலும் வரம்பில்லை, பணக் கணக்கிலும் வரம்பில்லை. நிறுவனம் கவனிக்கவில்லை என்றால், தேவையான, நியாயமான செலவைப் பயணி பின்னால் கேட்டு வாங்கலாம். எரிமலைக்கே இப்படியென்றால் ஸ்டிரைக்குக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, இப்போது இழப்பீட்டுக்கு வருகிறேன். விமான நிறுவனம் தன் கடிதத்தில் எடுத்துக்காட்டும் வரி ஒன்றும் கற்பனை இல்லை. ஒழுங்குவிதியின் முன்னுரையில், அசாதாரணச் சூழ்நிலைகளுக்கு உதாரணமாக, அரசியல் குழப்பம், வானிலை, பாதுகாப்பு ஆபத்து இவற்றோடு, விமான நிறுவனத்தின் இயக்கத்தைப் பாதிக்கும் வேலைநிறுத்தங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. அதைப் படிப்பவருக்கு விஷயம் முடிந்ததாகத்தான் தோன்றும். ஆனால் நீதிமன்றம் அந்த வரியை அப்படிப் படிக்கவில்லை. முன்னுரையில் இருப்பவை உதாரணங்கள்தான்; பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒரு சம்பவம் அசாதாரணம் ஆகிவிடாது. அந்தச் சம்பவம் நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கையின் ஒரு பகுதியா, உண்மையிலேயே அதன் கட்டுப்பாட்டை மீறியதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் நிறுவனத்துக்குச் சாதகமாக இருந்தால்தான் விதிவிலக்கு.

இந்த அளவுகோலை வேலைநிறுத்தத்துக்கு முதலில் வைத்துப் பார்த்த வழக்கு ஜெர்மனியின் டுய்ஃப்ளை நிறுவனத்தினுடையது. 2016 செப்டம்பர் 30 அன்று நிர்வாகம் திடீரென்று மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. எந்தத் தொழிற்சங்கமும் ஸ்டிரைக் அறிவிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். சாதாரண நாளில் பத்து சதவீதம் அளவில் இருக்கும் மருத்துவ விடுப்பு, அந்தப் பத்து நாளில் விமானிகளிடையே 89 சதவீதம் வரை, கேபின் ஊழியர்களிடையே 62 சதவீதம் வரை போனது. சங்கமே அறிவிக்காத ஸ்டிரைக், எங்களால் என்ன செய்ய முடியும் என்று நிறுவனம் கேட்டது. 2018 ஏப்ரல் 17 அன்று வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. மறுசீரமைப்பு என்பது எந்த நிறுவனமும் அவ்வப்போது செய்வது. அதற்கு ஊழியர்கள் கொதிப்பதும் எதிர்பார்க்கக்கூடியது. கொதிப்புக்குக் காரணமே நிர்வாகத்தின் முடிவுதான். ஆகவே இழப்பீடு உண்டு.

நிறுவனங்கள் அதன் பிறகு வேறு ஓட்டையைத் தேடின. அது முன்னறிவிப்பில்லாத ஸ்டிரைக், நாங்களாகத் தூண்டியது என்று சொல்லலாம். சங்கம் முறைப்படி அறிவித்து, சம்பளத்துக்காகச் செய்யும் சட்டபூர்வமான ஸ்டிரைக் வேறு அல்லவா என்றார்கள். அந்த ஓட்டையை அடைத்தது எஸ்ஏஎஸ் வழக்கு. ஸ்காண்டிநேவிய நிறுவனமான அதில் 2019 ஏப்ரல் 26 முதல் மே 2 வரை ஏழு நாள் விமானிகள் வேலைநிறுத்தம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. ஏப்ரல் 29 அன்று மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோம் போக வேண்டிய ஒருவரின் டிக்கெட்தான் வழக்கானது. தொகை வெறும் 250 யூரோ. அதற்காக நிறுவனம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பெரிய அமர்வு வரை வாதாடியது, ஏனென்றால் அந்த 250 யூரோவுக்குப் பின்னால் லட்சக்கணக்கான டிக்கெட்டுகள் இருந்தன.

அங்கே நிறுவனம் வைத்த வாதம் யோசிக்க வேண்டிய வாதம்தான். சம்பளப் பேச்சுவார்த்தையில் சங்கம் மிகையாகக் கேட்கிறது. பயணிகளுக்கும் நாங்கள் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றால் எங்கள் பேரம்பேசும் பலமே போய்விடும். பயணியின் பாக்கெட் சங்கத்தின் ஆயுதம் ஆகிவிடும் என்றது. 2021 மார்ச் 23 தீர்ப்பில் நீதிமன்றம் இதற்கும் பதில் சொன்னது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை ஐரோப்பிய அடிப்படை உரிமைகள் சாசனத்தில் இருக்கிறது. ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் எந்த நிறுவனமும் ஒருநாள் அது வரும் என்று தெரிந்தேதான் தொழில் நடத்துகிறது. சம்பளம், வேலை நிலைமை பற்றிய தகராறு தொழிலின் அன்றாடம். அதற்குத் தயாராகவும் பேசித் தீர்க்கவும் நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. பயணிக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே கிடையாது. அதே ஆண்டு அக்டோபரில் யூரோவிங்ஸ் வழக்கில், தாய் நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஆதரவாகத் துணை நிறுவனத்து ஊழியர்கள் நடத்திய ஸ்டிரைக்கும் இதே கணக்கில்தான் வரும் என்று சேர்த்துச் சொன்னார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்புகள் சரியாகவே படுகின்றன. அண்ணன் தம்பி சண்டைக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போடக் கூடாது. ஊழியர்கள் மேல் கோபப்படவும் தேவையில்லை. இழப்பீடு அவர்கள் ஸ்டிரைக் செய்ததற்கு அபராதம் இல்லை; விற்ற டிக்கெட்டை நிறைவேற்றாததற்கு நிறுவனம் தருவது.

ஆக, கேட்க வேண்டிய ஒரே கேள்வி: வேலைநிறுத்தம் செய்வது யார்? அந்த நிறுவனத்தின் விமானிகள், கேபின் ஊழியர்கள், அதன் சொந்தத் தரைப் பணியாளர்கள் என்றால் இழப்பீடு உண்டு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள், விமான நிலையத்தின் பணியாளர்கள் என்றால் பொதுவாகக் கிடையாது; பிரான்சில் கோடைதோறும் பேசப்படும் கட்டுப்பாட்டாளர் ஸ்டிரைக்குகள் இந்த வகை. 2025 மார்ச் 10 அன்று ஜெர்மனியின் பெரிய விமான நிலையங்களை எல்லாம் முடக்கிய வெர்டி சங்கத்தின் எச்சரிக்கை வேலைநிறுத்தமும் விமான நிலைய ஊழியர்களுடையதுதான். நிறுவனத்தின் ஊழியர்களே ஸ்டிரைக் செய்தாலும் அவர்களின் கோரிக்கையை அரசு மட்டுமே நிறைவேற்ற முடியும் என்றால், அதுவும் வெளியிலிருந்து வந்த சம்பவம் ஆகலாம் என்று எஸ்ஏஎஸ் தீர்ப்பே சொல்கிறது. செய்தியில் ‘விமான நிலையத்தில் ஸ்டிரைக்’ என்று மொட்டையாக வந்தால், எந்தச் சங்கம், யாருக்கு எதிராக என்று தேடிப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அது முக்கியமாகும்.

வெளியார் ஸ்டிரைக்கிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2006 ஜூலை 28 அன்று பார்சலோனா விமான நிலையத்தில் ஸ்டிரைக். ஃபின்ஏரின் ஹெல்சிங்கி விமானம் ரத்தானது. மாட்டிக்கொண்டவர்களை அடுத்தடுத்த விமானங்களில் ஏற்றி அனுப்ப, ஜூலை 30 விமானத்தில் முறையாக டிக்கெட் வைத்திருந்த ஒருவரை ஏற்றாமல் நிறுத்திவிட்டார்கள். ஸ்டிரைக்கின் தொடர்ச்சிதானே என்றது நிறுவனம். விமானத்தில் ஏற்ற மறுப்பதற்கு அந்தச் சாக்கு செல்லாது, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. ஸ்டிரைக் முடிந்த மறுநாள், அதற்கும் மறுநாள் பயணம் செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தொகை தூரத்தைப் பொறுத்தது, டிக்கெட் விலையைப் பொறுத்ததல்ல. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள்ளேயே அதற்கு மேல் என்றாலும், மற்றபடி 3,500 கிலோமீட்டர் வரை என்றாலும் 400. அதற்கும் மேல் 600. ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை தூரம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் தலைக்கு 600, நான்கு பேருக்கு 2,400 யூரோ. தனி இருக்கைக்குக் காசு கொடுத்த குழந்தைக்கும் முழுத் தொகை உண்டு. இலவசமாக மடியில் வரும் கைக்குழந்தைக்குக் கிடையாது. மாற்று விமானம் உங்களை நான்கு மணி நேரத்துக்கு மிகாத தாமதத்தில் கொண்டுசேர்த்தால் அந்த 600-ஐப் பாதியாக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்து என்று அறிவித்திருந்தால் இழப்பீடே இல்லை. ஸ்டிரைக்கில் அவ்வளவு முன்கூட்டிச் சொல்வது அபூர்வம். உங்களுக்கு முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பணம் ரொக்கமாக, வங்கிக் கணக்கில், அல்லது காசோலையாகத் தர வேண்டும். வவுச்சர் தருவதென்றால் உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் தேவை. ‘நல்லெண்ணமாக 150 யூரோ வவுச்சர், இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன’ என்று வரும் மின்னஞ்சலுக்கு அவசரப்பட்டுச் சம்மதம் அழுத்திவிடாதீர்கள்.

இப்போது மிகவும் அவசரமான பகுதி, மாற்றுப் பயணம். ரத்து என்று மெசேஜ் வந்ததும் செயலியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ‘பணத்தைத் திரும்பப் பெறு’ என்பது பளிச்சென்று மேலே. ‘வேறு விமானம்’ என்பது கீழே. அதை அழுத்தினால் அந்த நிறுவனத்தின் சொந்த விமானங்கள் மட்டும் தெரியும், அதுவும் ஐந்து நாள், ஆறு நாள் கழித்து. பதற்றத்தில் இருப்பவர் மேலே உள்ளதை அழுத்திவிடுகிறார். அழுத்தியதுமே மாற்றுப் பயண உரிமையும், அதோடு ஹோட்டல் உரிமையும் போய்விடும். அன்றைய விலையில் புதிதாக டிக்கெட் எடுக்கப் போனால் திரும்பி வரும் பணம் பாதிக்குக்கூடக் காணாது. கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டியவர் ரீஃபண்ட் பொத்தானைத் தொடவே கூடாது.

சட்டம் சொல்வது, ஒப்பிடத்தக்க வசதியில் கூடிய சீக்கிரம் போய்ச்சேர்ப்பது. ‘எங்கள் விமானத்தில் மட்டும்’ என்று அதில் எங்கும் இல்லை. வேறு நிறுவனத்தின் விமானமோ, ஓரிடத்தில் இறங்கி மாறிப் போகும் வழியோ சீக்கிரம் கொண்டுசேர்க்குமானால் அதையும் பார்க்கத்தான் வேண்டும் என்று 2020-இல் டாப் என்ற போர்ச்சுகல் நிறுவனத்தின் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே கவுண்டரிலோ போனிலோ ‘ஏதாவது பாருங்கள்’ என்று கேட்காமல், நீங்களே தேடிப் பிடித்து, நாளை இத்தனை மணிக்கு துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ சென்னைக்கு நான்கு இடம் இருக்கிறது என்று விமான எண்ணோடு சொல்லுங்கள். எழுத்திலும் அனுப்புங்கள். இடம் இருப்பதைக் காட்டும் திரையை நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ, நீங்களாக டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடுதல் செலவைப் பின்னால் கேட்கலாம். இந்தப் படமும் அந்த எழுத்தும்தான் அப்போது உங்கள் சாட்சி. விலை நியாயமாக இருக்க வேண்டும். எகானமி டிக்கெட் வைத்திருந்தவர் பிஸினஸ் வகுப்பில் பறந்துவிட்டுக் கேட்டால் நிற்காது.

விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டு ரசீது, டாக்சி ரசீது, ஹோட்டல் பில் எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் படம் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சடித்தது சில மாதத்தில் மங்கிவிடும். மதுபானச் செலவைச் சேர்க்காதீர்கள், அதைக் காட்டியே மொத்தத்தையும் இழுத்தடிப்பார்கள்.

எந்த விமானத்துக்கு இந்தச் சட்டம் என்பதில் தமிழர்கள் பலர் குழம்புகிறார்கள். ஒன்றியத்து நாடுகள், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, இங்கிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் உண்டு. பாரிஸிலிருந்து துபாய் மாறிச் சென்னைக்கு ஒரே முன்பதிவில் எமிரேட்ஸில் போனாலும் உண்டு. திரும்பி வரும்போது கதை மாறுகிறது: சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்தினுடையதாக இருந்தால்தான் பொருந்தும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. தொகைகள் 220, 350, 520 பவுண்டு. எஸ்ஏஎஸ் தீர்ப்பு வெளியேற்றத்துக்குப் பிறகு வந்ததால் அங்கே நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் டுய்ஃப்ளை தீர்ப்பு வெளியேற்றத்துக்கு முந்தியது என்பதால் அங்கும் எடுபடும். கனடாவில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது டொராண்டோவில் மாட்டிய பலர் ஐரோப்பியக் கணக்கை நம்பினார்கள். அங்குள்ள விதியில் நிறுவனத்தின் சொந்த ஊழியர் தகராறும் அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே என்றே எழுதியிருக்கிறது. இழப்பீடு கிடையாது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் இடம் தர முடியாவிட்டால் பெரிய நிறுவனங்கள் போட்டி நிறுவனத்தின் விமானத்திலாவது ஏற்றி அனுப்ப வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தியாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வகுத்த விதி உண்டு. ரத்துக்கான இழப்பீடு பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. ஆனால் வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் அந்த விதியிலேயே விதிவிலக்காக எழுதப்பட்டிருக்கின்றன, யாருடைய ஸ்டிரைக் என்ற வேறுபாடு இல்லாமல். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் ஊழியர்கள் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்தபோது வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் கண்ணூரிலும் கொச்சியிலும் நின்றார்கள். டுய்ஃப்ளையில் நடந்ததே இங்கும் நடந்தது. நிறுவனம் முழுப் பணத்தைத் திருப்பித் தருவதாகவோ ஏழு நாளுக்குள் தேதி மாற்றித் தருவதாகவோ சொன்னது. ஸ்டிரைக்குக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த இழப்பீட்டுத் தொகை ஐரோப்பாவைப் போல இங்கே இல்லை. விசா காலாவதியாகும், வேலை போகும் என்ற நிலையில் இருப்பவருக்கு டிக்கெட் பணம் மட்டும் போதாது. இந்த விதி மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி மட்டும் திறந்திருக்கிறது.

உங்கள் வழக்குக்கே திரும்புகிறேன். முதலில் நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள். நீளம் வேண்டாம். விமான எண், தேதி, முன்பதிவுக் குறியீடு, நால்வரின் பெயர். பிறகு இப்படி: ‘மேற்கண்ட விமானம் உங்கள் விமானிகளின் வேலைநிறுத்தத்தால் ரத்தானது. ஒழுங்குவிதி 261/2004-இன் 5, 7 பிரிவுகளின்படி தலைக்கு 600 யூரோ வீதம் 2,400 யூரோ தர வேண்டும். சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தம் அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்பது ஐரோப்பிய நீதிமன்றத்தின் சி-28/20 தீர்ப்பு. 14 நாளுக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்.’ சி-28/20 என்பது மேலே சொன்ன எஸ்ஏஎஸ் வழக்கின் எண். அது இருப்பதும் இல்லாததும் பதிலில் வித்தியாசம் காட்டும். மாற்று டிக்கெட்டின் கூடுதல் செலவையும் சாப்பாட்டு ரசீதுகளையும் தனித் தலைப்பாகக் கேளுங்கள். இழப்பீட்டில் அவை அடங்காது.

‘கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்னும் இணைய நிறுவனங்கள் மோசடி இல்லை. மேலே சொன்ன எஸ்ஏஎஸ் வழக்கையே அப்படி ஒரு நிறுவனம்தான் நடத்தியது. ஆனால் கிடைப்பதில் நல்ல பங்கு அவர்களுக்குப் போகும். இவ்வளவு தெளிவான வழக்குக்கு அது தேவையில்லை. இரண்டு மாதத்தில் தீரவில்லை என்றால் ஜெர்மனியில் பயணிகளுக்கான சமரச அமைப்பு இருக்கிறது, பயணிக்குக் கட்டணமில்லை. அதற்கும் மசியாவிட்டால் விமானம் புறப்பட வேண்டிய ஊரின் நீதிமன்றத்திலேயே, உங்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில், வழக்குப் போடலாம்.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் ஐந்து ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு. ஜெர்மனியில் மூன்று ஆண்டு, அதுவும் விமானம் ரத்தான ஆண்டின் முடிவிலிருந்து எண்ண வேண்டும். பழைய ஸ்டிரைக் ஒன்றுக்கு ‘கிடையாது’ என்ற கடிதத்தை வாங்கி மூலையில் போட்டிருந்தால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அதையும் சேர்த்து எடுத்து எழுதுங்கள்.